கண்டக்டர் வேடியப்பன் தேடிய சீட்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் தனியார் பஸ்களில் சக்கரபாணி சர்வீஸுக்கு ஒரு தனிப்பெயர் உண்டு. கிளம்ப வேண்டிய நேரத்துக்குக் கிளம்பாது. போய்ச் சேர வேண்டிய நேரத்துக்குச் சேர்ந்துவிடும். இடையில் என்ன நடந்தது என்பதை டிரைவர் பலராமனும், அன்று டாப்பில் பயணம் செய்த கோழிக் கூடைகளும்தான் சொல்ல வேண்டும்.

அந்த பஸ்ஸின் கண்டக்டர் வேடியப்பன். கீழ்பென்னாத்தூரில் பிறந்தவர். பழைய எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். இருபது வருஷமாகக் காக்கிச் சட்டை. பேகோபுரத் தெருவில் ஓட்டு வீடு, வாடகைக்கு. மனைவி மணியம்மாள், ஒரே மகள் மதிவதனி. ஆள் ஒல்லி. கூட்டத்தில் நுழைந்து நுழைந்து ஒல்லியானாரா, ஒல்லியாக இருந்ததால்தான் கண்டக்டர் வேலை கொடுத்தார்களா என்பது முதலாளி சக்கரபாணிக்கே ஞாபகமில்லை.

வேடியப்பனுக்கு உலகத்தில் பிடிக்காத வார்த்தை ஒன்றுதான். ஓசி. டிக்கெட் எடுக்காமல் ஒரு ஆள் அவர் வண்டியில் உட்கார முடியாது. எலெக்‌ஷனில் நின்றவர், ஜெயித்தவர், டெபாசிட் போனவர் எல்லாரும் டிக்கெட் எடுத்தாக வேண்டும். மணியம்மாளின் தம்பி ஒருமுறை, "மாமா வண்டிதானே" என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். சித்திரை வெயிலில் சோமாசிபாடியில் விசில் அடித்து இறக்கிவிட்டார். மச்சான் அதற்கப்புறம் மூன்று வருஷம் பேசவில்லை. அந்த மூன்று வருஷமும் நிம்மதியாக இருந்ததாக வேடியப்பன் சொல்வார், மணியம்மாள் பக்கத்தில் இல்லாதபோது.

தொண்ணூற்று நாலு, அஞ்சு வாக்கில் அந்த ரோட்டோரத்தில் வேர்க்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லைகளில் திடீரென்று வளைவுகள் முளைத்தன. இன்ஜினியரிங் காலேஜ் கட்டும் வரிசை அப்போதுதான் நம் ஜனங்களுக்குத் தெரிந்தது. முதலில் வளைவு. பிறகு வளைவில் நிறுவனரின் தாயார் பெயர். பிறகு பிரின்சிபால். கடைசியாக, வசதிப்பட்டால், கட்டடம். கீழ்பென்னாத்தூர் தாண்டி இப்படி மூன்று. பெயர்கள் நீளமாக இருந்ததால் வேடியப்பன் சுருக்கிவிட்டார்: "மொத வளைவு எறங்கு! ரெண்டாவது வளைவு எறங்கு!" மூன்றாவது வளைவில் இறங்க ஆள் இல்லை. அதன் பின்னால் வானமும் நாலு வெள்ளாடும் மட்டும் இருந்தன. ஆனால் அந்த வருஷ அட்மிஷன் நடந்துகொண்டிருப்பதாகத் தட்டி சொன்னது.

ஒவ்வொரு ஆனி மாசமும் மஞ்சள் பையோடு அப்பாக்கள் ஏறுவார்கள். போகும்போது பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருப்பார்கள். டிக்கெட் வாங்கக்கூடக் கையை எடுக்கமாட்டார்கள், வாயால் கவ்விக்கொள்வார்கள். திரும்பி வரும்போது அதே பை மேலே கம்பியில் தொங்கும். அவர்கள் வாயைத் திறந்து தூங்குவார்கள். வேடியப்பன் இதை வருஷா வருஷம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தன் முறை வரும் என்று நினைக்கவில்லை.

தொண்ணூற்று எட்டில் வந்தது. மதிவதனி அரசு பெண்கள் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்து ஆயிரத்து எண்பத்து நாலு மார்க் வாங்கினாள். மேல் வகுப்பு அக்கா ஒருத்தி கொடுத்த, அட்டை போன கைடை வைத்துக்கொண்டு நுழைவுத் தேர்வும் எழுதினாள். கட்-ஆஃப் முந்நூறுக்கு இருநூற்று அறுபத்து மூன்று. தெருவே கோயிலின் பேகோபுரத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது. ஆளுக்கு ஒரு யோசனை. "கம்ப்யூட்டர் எடு, அமெரிக்காகாரன் வந்து கூட்டிக்கினு போவான்." "பொண்ணுக்கு டீச்சர் ட்ரெயினிங்கே ஜாஸ்தி." யோசனைக்கு மட்டும் இந்த ஊரில் யாரும் ஃபீஸ் கேட்பதில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வேடியப்பன் ஒரே ஒரு எண்ணைச் சொன்னார். "பன்னண்டாயிரம். படிப்பு, சாப்பாடு, பஸ்ஸு எல்லாம் சேத்து ஒரு வருஷத்துக்கு. அதுக்கு மேல ஒரு ரூபா போச்சுன்னா நம்ம வண்டி மேடு ஏறாது மதி. அதுக்குள்ள ஒரு காலேஜைக் கண்டுபுடி. நானும் தேடுறேன்."

தேடல் தேரடித் தெருவில் தொடங்கியது. அங்கே ஒரு லாட்ஜின் மாடியில் சகாதேவன் என்பவர் உயர்கல்வி ஆலோசனை மையம் வைத்திருந்தார். ஆனி ஆடியில் ஆலோசனை. மற்ற மாசங்களில் அதே மேஜையில் மனை விற்பனை. டேபிளுக்கு அடியில் இருந்த காலேஜ் விளம்பரத் தாள்களில் நீச்சல் குளம் இருந்தது. கிணறே வற்றிய ஊரில் நீச்சல் குளம்.

"உங்க பொண்ணு மார்க்குக்கு ஃப்ரீ சீட்டே கிடைக்கும்ணே," என்றார் சகாதேவன். "மொத வளைவு காலேஜ்ல மட்டும் முப்பது ஃப்ரீ சீட் இருக்குது."

வேடியப்பன் முகம் சுருங்கியது. "முப்பது சீட்டு ஃப்ரீயாவா இருக்குது?"

"ஆமாங்கறேன்."

"காலேஜ் தொறக்க இன்னும் ரெண்டு மாசம். முப்பது சீட்டைக் காலியா வச்சிக்கினு இன்னா பண்றாங்க?"

"காலி இல்லண்ணே. ஃப்ரீ."

"அதத்தான் நானும் கேக்குறேன். நம்ம வண்டியில முப்பது சீட்டு ஃப்ரீயா ஓடிச்சுன்னா முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. கூட்டமே இல்லாத வண்டியில ஏறக்கூடாது சார். ஒண்ணு பிரேக் சரியில்ல, இல்ல டிரைவர் சரியில்ல."

சகாதேவன் புத்திசாலி. வாதாடவில்லை. "அப்ப பேமெண்ட் சீட் பாத்துடலாமா? காசு கட்டி உக்கார்றது."

"அது நாயம்," என்று வேடியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சீட்டுன்னா காசு குடுத்துத்தான் உக்காரணும். எவ்ளோ?"

சகாதேவன் தொகையைச் சொன்னார். தன் சொந்தக் கமிஷனைத் தனியாகவும் சொன்னார். வேடியப்பன் தோல்பையை இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு, ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குவது போல மாடிப்படியில் இறங்கினார்.

வீட்டில் மதிவதனி சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "அப்பா, ஃப்ரீ சீட்டுன்னா காலி சீட்டு இல்ல. கவர்ன்மெண்ட் வச்ச ஃபீஸ். மார்க் இருக்கறவங்களுக்கு."

"அப்ப காசே வேணாமாடி?" என்று அடுப்படியிலிருந்து மணியம்மாள் கேட்டாள்.

"வேணும்மா. கம்மியா."

"காசு வாங்கிக்கினு எதுக்குடி ஃப்ரீன்றாங்க?"

"பேமெண்ட் சீட்டைப் பாத்தா இது ஃப்ரீம்மா."

"எங்க அப்பன் வீட்டு வரதட்சணையும் அப்படித்தான், வேணாம்னு சொல்லித்தான் வாங்குனாங்க," என்றாள் மணியம்மாள்.

பெயர் விளங்கிவிட்டது. ஆனால் எந்தக் காலேஜ்? விளம்பரத் தாள் பொய் சொல்லும், சகாதேவன் கமிஷனுக்குச் சொல்வார். வேடியப்பனிடம் மூன்றாவதாக ஒன்று இருந்தது: பஸ். ஒரு நாளைக்கு நாலு நடை அந்த ரோட்டில் போகிற ஆள். எந்த வளைவில் யார் ஏறுகிறான், கையில் என்ன வைத்திருக்கிறான் என்று பார்த்தாலே போதும் என்று தோன்றியது. ஒரு மாசம் பார்த்தார். டிக்கெட் கிழிக்கிற சாக்கில் பேச்சுக் கொடுத்தார். "ஃபீஸ் எவ்ளோ தம்பி?" என்று கேட்டால் எல்லாரும் சர்க்கார் தொகையைச் சொன்னார்கள். "வீட்டுல எதுக்கு சண்டை?" என்று கேட்டபோதுதான் நிஜம் வந்தது. எக்ஸாம் ஃபீஸ், பிளேஸ்மெண்ட் ஃபீஸ், கோட்டு டை.

ரெண்டாவது வளைவில் ஏறிய பிள்ளைகளில் பாதிப் பேர் கையில் சாப்பாட்டு டப்பா. சிலர் காலில் ரப்பர் செருப்பு. வேடியப்பன் மனசில் ஒரு பச்சைக் கொடி ஆடியது. டப்பா கட்டிக்கொண்டு போகிறவன் படிக்க முடிகிற காலேஜில் மதிவதனியும் படிக்கலாம். வேறொரு லாபமும் இருந்தது: அவள் தினமும் அப்பா வண்டியிலேயே போய் வரலாம்.

மொத வளைவுதான் புதிர். நாலு மாடிக் கட்டடம், உள்ளே ஆயிரம் பிள்ளைகள். ஆனால் அந்த வளைவில் ஒரு மாணவன்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. அட்டெண்டரும் சமையல்காரரும்தான் இறங்கினார்கள். 'ஏன்?' என்பது வேடியப்பனைத் தொழில்ரீதியாகவே குடைந்தது. ஒரு நாள் காலை நடையில் பலராமனிடம் சொன்னார்: "அண்ணே, மொத வளைவுல பத்து நிமிஷம் போட்டு வையி. உள்ள போய்க் கேட்டுட்டு வந்துடுறேன்."

"பாசெஞ்சரு உதைப்பாங்கடா."

"டயர் பாக்குறேன்னு சொல்லு."

பலராமன் இறங்கி டயரைப் பார்த்தார். டயரும் அவரைப் பார்த்தது. ரெண்டு நிமிஷத்தில் வண்டி முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. தக்காளிக் கூடைக்காரம்மா ஒருத்தி ஜன்னலில் தலையை நீட்டி, "யோவ் கண்டக்டரு, ஹாஸ்டல்ல தண்ணி வருதான்னு கேளு! எங்க அக்கா பையன் ஒருத்தன் குளிக்கிறதுக்கே ஊருக்கு வர்றான்!" என்று கத்தினாள். பின் சீட்டிலிருந்து ஒருவர், "நன்கொடை எவ்ளோன்னு கேக்காத. கேட்டா ஏத்திடுவானுங்க," என்றார். கோர்ட்டுக்குப் போக வேண்டிய ஆள் அவர். வாய்தா தள்ளிப்போகிறதே என்ற கவலை முகத்தில் துளியும் இல்லை.

உள்ளே ஆபீஸில் இருந்தவர் காக்கிச் சட்டையைப் பார்த்ததும், "டிரைவர் வேலைக்கு ஆள் எடுத்தாச்சுப்பா," என்றார்.

"இல்லைங்க. பொண்ணுக்கு இடம் கேட்டு வந்தேன். ஃப்ரீ சீட்டு. ஃபீஸ் எவ்ளோங்க?"

அவர் சர்க்கார் தொகையைச் சொன்னார். பிறகு மூச்சு விட்டுக்கொண்டார். "அதுபோக லேப், லைப்ரரி, டெவலப்மெண்ட் ஃபீஸ்."

"எதுங்க டெவலப் ஆகுது?"

"காலேஜு."

"என் பொண்ணு?"

"அது அவங்க சாமர்த்தியம். அப்புறம் பஸ் ஃபீஸ்."

"பஸ் வேணாங்க. நம்ம வண்டி வாசல்லயே நிக்குது பாருங்க. இப்பவே நிக்குது."

ஆபீஸ்காரர் எட்டிப் பார்த்தார். ஐம்பது தலைகள் ஜன்னலில் இருந்து அவரைப் பார்த்தன. "வெளி பஸ்ல வர அனுமதி இல்ல. காலேஜ் பஸ் கட்டாயம். ஏறினாலும் கட்டணும், ஏறாட்டியும் கட்டணும்." தொகையைச் சொன்னார். படிப்புக்குச் சொன்னதைவிட அது ஜாஸ்தி.

வேடியப்பன் திரும்பி வந்து ஏறினார். வண்டியே கேட்டது: "இன்னா சொன்னாங்க?"

"ஏறாத பஸ்ஸுக்கு டிக்கெட் கிழிக்கிறானுங்க," என்றார் வேடியப்பன். இருபது வருஷத்தில் அவருக்குத் தோன்றாத தொழில் நுட்பம். "போலாம் ரைட்."

ஆக, முடிவு தெளிவாக இருந்தது. ரெண்டாவது வளைவு, மதிவதனி ஆசைப்பட்ட எலெக்ட்ரானிக்ஸ், ஃப்ரீ சீட். பிள்ளைகள் வீட்டில் சண்டை போட்ட கோட்டு டை வரை எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்துச் சொச்சம். மேடு ஏறிவிடும்.

மார்க் வரிசைப்படி இடம் ஒதுக்கும் கவுன்சலிங் ஆடி மாசத்தில், சென்னையில். வேணு என்ற பையனை மாற்று கண்டக்டராகப் போட்டுவிட்டு, விடிகாலை பஸ்ஸில் அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். வேடியப்பன் காக்கியில்லாமல் வெள்ளைச் சட்டையில் இருந்தார். கை மட்டும் அடிக்கடி இடுப்பில் இல்லாத பையைத் தேடியது. ஹாலுக்கு வெளியே ஒவ்வொரு காலேஜ்காரனும் குடை, தொப்பி, மோர் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தான். மொத வளைவு காலேஜ் கொடுத்தது பெரிய குடை. வேடியப்பன் வாங்கவில்லை.

உள்ளே வரிசையாக டி.வி. பெட்டிகள். எந்தக் காலேஜில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் பாக்கி என்று எண்கள். ஒவ்வொரு பிள்ளையும் மேஜையில் உட்கார்ந்து எழும்போது எங்கோ ஒரு எண் குறையும். மற்ற பெற்றோர் மந்திரித்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருக்க, வேடியப்பனுக்கு மட்டும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

"நம்ம வண்டி மாதிரிதாம்மா. முன்னாடி ஏறினவங்க ஜன்னலோரம் புடிச்சிட்டாங்க. நமக்கு நடு சீட்டு நிச்சயம்."

ரெண்டாவது வளைவு, எலெக்ட்ரானிக்ஸ், ஃப்ரீ: மூன்று. பிறகு இரண்டு. மதிவதனி விரலைக் கடித்தாள். ஒன்று. அப்போது அவள் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

ஒரே சமயத்தில் ஆறேழு மேஜைகளில் ஆள் உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல் கேட்டார். மதிவதனி காலேஜைச் சொன்னாள், பிரிவைச் சொன்னாள். வேடியப்பன் அவள் நாற்காலிக்குப் பின்னால் கம்பியைப் பிடிக்கிற மாதிரி முதுகுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஃப்ரீயா, பேமெண்ட்டா?" என்று அந்த அம்மா கேட்டார். ஹாலில் சத்தம் ஜாஸ்தி என்பதால் கொஞ்சம் உரக்கவே கேட்டார். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். கையில் தங்கக் கடிகாரம், மடியில் பெரிய குடை.

வேடியப்பனுக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. மகள் சொல்லிக் கொடுத்து, அவரே ஒரு மாசமாக ஊரெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்த தோரணை வேறு. படிக்கட்டில் நின்று, "ஃப்ரீயா போலாம்னு பாத்தியா?" என்று இருபது வருஷமாக அவர் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறார். கேட்கப்பட்டவர்கள் எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டிருக்கிறார்கள். வாய் முந்திக்கொண்டது.

"பேமெண்ட்டுங்க. நாங்க ஓசியில போறவங்க இல்ல."

'டக்' என்று ஒரு பொத்தான் சத்தம்.

"ஐயோ, இல்ல மேடம்! ஃப்ரீ! ஃப்ரீ சீட்!" என்று மதிவதனி எழுந்தேவிட்டாள்.

"ஒண்ணைச் சொல்லுங்கம்மா. பேமெண்ட்டுக்குள்ள போயிட்டேன். இருங்க, வெளிய வர்றேன்."

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர். உள்ளே போக ஒரு நொடி, வெளியே வர ஒன்றரை நிமிஷம். பழைய பக்கம் திரும்ப வந்தபோது ரெண்டாவது வளைவு எலெக்ட்ரானிக்ஸ் ஃப்ரீ சீட்டுக்கு நேராகச் சைபர் இருந்தது. நாலாவது மேஜையில் ஒரு பையன் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் மேல் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ரப்பர் செருப்புதான் போட்டிருந்தான்.

வேடியப்பன் நாற்காலிச் சட்டத்தை விட்டுவிட்டார். பிடிமானம் இல்லாமல் பஸ்ஸில் நிற்பவரைப் போல ஆடினார்.

"அதே ரோட்டுல இன்னொரு காலேஜ்ல எலெக்ட்ரானிக்ஸ் ஃப்ரீ நாலு இருக்குதும்மா," என்றார் மேஜைக்கார அம்மா, இரக்கத்தோடுதான். மொத வளைவு. "சீக்கிரம் சொல்லு. பின்னாடி ஆள் இருக்காங்க."

மதிவதனி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஆசைப்பட்ட பிரிவு நாலு இடமாகக் கண்ணெதிரே இருந்தது.

"அங்க யாரும் எறங்கமாட்டாங்கம்மா," என்றார் வேடியப்பன், மெதுவாக.

மேஜைக்கார அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மதிவதனிக்குப் புரிந்தது. ஏறாத பஸ்ஸுக்கு நாலு வருஷம் டிக்கெட். அவள் டி.வி. பெட்டியைப் பார்த்தாள். உதடு எதையோ கூட்டியது, கழித்தது. வேலூர்ப் பக்கத்து அரசுக் கல்லூரி ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் எப்போதோ தீர்ந்திருந்தது, மெக்கானிக்கல் பிரிவில் ஒரே ஓர் இடம் நின்றது. ஃபீஸும் ஹாஸ்டல் சாப்பாடும் சேர்த்தால்கூடப் பன்னிரண்டாயிரத்தைத் தொடாது. மோட்டார் பட்டறைக்குப் போகிறவர்கள், லேத்தில் நிற்கிறவர்கள், ஆண்பிள்ளைகள் எடுக்கிற பிரிவு என்று தெரு சொல்லும்.

"கவர்ன்மெண்ட் காலேஜ் மெக்கானிக்கல் குடுங்க மேடம்."

அந்த அம்மா அன்று முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். "மெக்கானிக்கலா? யோசிச்சுச் சொல்லும்மா. வொர்க்‌ஷாப்ல நாளெல்லாம் நிக்கணும்."

"நிக்கிறது எங்க வீட்டுத் தொழிலுங்க," என்றாள் மதிவதனி.

'டக்.'

திண்டிவனம் வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமாகத் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். சத்தமில்லாமல், மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டு. வேடியப்பன் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார், வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கொடுத்தார், சோடா வாங்கிக் கொடுத்தார். மூன்றும் அவர் மடியிலேயே இருந்தன. பாக்கிச் சில்லறையில் தன் தவற்றை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத மனுஷர், ஒலக்கூர் தாண்டியதும், "தப்புதாம்மா," என்றார்.

திண்டிவனத்தில் சக்கரபாணி சர்வீஸே நின்றது. பலராமன் ஸ்டீயரிங்கில், வேணு பையோடு. ஏறி உட்கார்ந்ததும் வேணு ஓடிவந்தான். "ஸ்டாஃப்பு! அண்ணனுக்கு டிக்கெட் இல்ல, பாப்பாவுக்கும் இல்ல!" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனான்.

மதிவதனி அப்போதுதான் திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"அப்பா. இது ஓசி இல்லியா?"

"சீ. ஸ்டாஃப் போறது ஓசியா? இருபது வருஷம் நின்னு சம்பாதிச்சது."

"அப்ப நான் மட்டும் சும்மாவா வாங்குனேன்? ரெண்டு வருஷம் நாலு மணிக்கு எழுந்து படிச்சு சம்பாதிச்சதுதானே அந்த ஃப்ரீ சீட்டு? அத்தப் போயி அந்த ஆளுங்க எதிர்ல ஓசின்னியே!"

வேடியப்பன் எதிர் சீட்டின் கம்பியைப் பிடித்தார். பிறகு எழுந்து வேணுவிடம் போய் இரண்டு டிக்கெட் வாங்கி வந்தார். "எதுக்குண்ணே?" என்று வேணு பதறினான். எதுக்கு என்று அவருக்கும் தெரியவில்லை. மதிவதனி அந்த டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக வெள்ளரிப்பிஞ்சைக் கையில் எடுத்தாள்.

செஞ்சியில் வண்டி நின்றபோது பலராமன் பின்னால் திரும்பி, "இன்னா கெடச்சுது பாப்பா?" என்றார்.

"மெக்கானிக்கல் மாமா."

"மெக்கானிக்கலா! அதுல லேடீஸ் உண்டா?"

மதிவதனி வாய் திறப்பதற்குள் வேடியப்பன் சொன்னார்: "லேடீஸ் சீட்டுல ஆம்பள உக்காரக் கூடாதுன்னுதாண்ணே எழுதியிருக்கு. மத்த சீட்டுல லேடீஸ் உக்காரக் கூடாதுன்னு எந்த வண்டியில எழுதியிருக்கு?"

பலராமன் யோசித்தார். இருபத்தைந்து வருஷம் ஓட்டிய வண்டியை ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தார். "இல்லதான்," என்று கியர் போட்டார்.

வீட்டில் மணியம்மாள் தொகையைக் கேட்டாள். சொன்னார்கள். "மாசத்துக்கா?" என்றாள். வருஷத்துக்கு என்றதும் அவள் முகத்தில் சந்தேகம் வந்தது. "இவ்ளோ கம்மியா இருக்குதே. நல்ல காலேஜ்தானாங்க?" ஒரு மாசம் சகாதேவன்களின் ஊரில் இருந்துவிட்டால் ஏழைக்குக்கூட மலிவு பயமாகிவிடுகிறது.

மதிவதனி நாலு வருஷமும் அங்கேயே படித்தாள். முதல் வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பு ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் அப்பா மேல் கோபம் வந்ததாகச் சொல்வாள். ரெண்டாம் வருஷம் வரவில்லையாம். என்ஜினைப் பிரித்துப் போட்ட நாளிலிருந்து. இரண்டாயிரத்து ரெண்டில் முடித்தபோது பதினோரு மாசம் வேலை கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் எடுத்தவர்களும் அந்த வருஷம் வீட்டில்தான் இருந்தார்கள், அமெரிக்காகாரன் வந்து கூட்டிக்கொண்டு போகவில்லை. இப்போது ராணிப்பேட்டையில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறாள். சம்பளம் சுமார். நின்றுகொண்டே செய்கிற வேலை.

அதெல்லாம் பிறகு நடந்தது. சேர்ந்த நாளைச் சொல்லவில்லையே.

அரசுக் கல்லூரி ஆபீஸ். பெயின்ட் உதிர்ந்த சுவர், ஒரு ஜன்னல், ஜன்னலில் ஒரு கிளார்க். வேடியப்பன் அன்று காக்கியிலேயே போயிருந்தார். மத்தியான நடைக்குத் திரும்ப வேண்டும். மதிவதனி பக்கத்தில் டிரங்குப் பெட்டியோடு நின்றாள். அவர் பன்னிரண்டாயிரத்தையும் எடுத்து வந்திருந்தார்.

கிளார்க் ஒரு தொகையைச் சொன்னார். அதை இங்கே எழுதினால் அச்சுப்பிழை என்பீர்கள், அதனால் எழுதவில்லை.

வேடியப்பன் எண்ணிக் கொடுத்தார். ரசீது வந்தது. முன்பக்கம் படித்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மேலும் நின்றார்.

"இன்னா சார் வேணும்?" என்றார் கிளார்க்.

"இன்னும் எவ்ளோங்க கட்டணும்?"

"அவ்ளோதான்."

"வேற எதுனா..."

"ஒண்ணும் இல்ல சார். பொண்ணை ஹாஸ்டலுக்குக் கூட்டிக்கினு போங்க. இங்க எல்லாமே ஃப்ரீ சீட்டுதானே."

"ஆமாங்க," என்றார் வேடியப்பன். பின்னால் நின்ற இருபது பேருக்கும் கேட்கிற மாதிரி, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயர் கூவுகிற குரலில் சொன்னார்: "ஃப்ரீ சீட்டு!"

"மெதுவாப்பா," என்று மதிவதனி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னலைவிட்டு விலகினார். பின்னால் ஒரு அப்பா மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி, போகலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார். வேடியப்பன் அவர் முதுகில் கை வைத்து லேசாகத் தள்ளினார்.

"நிக்காதீங்க. முன்னாடி போங்க, முன்னாடி போங்க. எடம் இருக்குது."